ஹோல்ம் வீட்டு மாடுகள் எங்கும் போகாது

ஸ்டென்விக், ஜட்லாந்து
3 பிப்ரவரி 1927

அன்புள்ள அஸ்டாவுக்கு,

இங்கே நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது, உன் வீட்டுக்காரர் எய்னர் இப்போதாவது சுருட்டைக் குறைத்தாரா என்று எழுது. கோபன்ஹேகன் நடைபாதையெல்லாம் பனி உறைந்து கிடக்கிறதாமே. கடைக்குப் போகும்போது பார்த்து நட.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நாத்தனார் என்ற முறையில் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். உன் அண்ணன் வால்டெமார் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வீட்டையும், நாங்கள் இருவரும் முப்பது வருடமாக வாங்கிச் சேர்த்த எழுபத்தொன்பது ஓவியங்களையும் ஊருக்கே கொடுத்துவிடப் போகிறேன். வீடு அருங்காட்சியகம் ஆகும். யார் வேண்டுமானாலும் சேற்றுக் காலணியோடு உள்ளே வந்து பார்க்கலாம். எனக்கு மாடியில் இரண்டு அறை போதும்.

நேற்று மேயர் ஸ்கோவ் வந்தார். வெண்ணெய்ப் பண்ணைக்காரர். மாட்டுப்பால் வெண்ணெய்க்குப் போட்டியாக நம் மார்கரின் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து நம் குடும்பத்தை எலிமருந்து விற்பவர்களைப் போலப் பார்ப்பவர். காப்பியும் கறுப்பு ரொட்டியும் வைத்தேன். ரொட்டியை மூக்கருகே கொண்டுபோய், "இது வெண்ணெயா, இல்ல உங்க சரக்கா?" என்றார். "எங்க சரக்குதான். போன தடவையும் இதத்தான் மூணு துண்டு சாப்பிட்டீங்க" என்றேன். மனிதர் நான்காவதையும் எடுத்துக்கொண்டார்.

நான் கேட்டது இரண்டே நிபந்தனை. எழுபத்தொன்பது படத்தில் ஒன்றுகூட வீட்டை விட்டுப் போகக்கூடாது. வாசல் பலகையில் எங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும். "ரெண்டு பேரா?" என்று தாடையைச் சொறிந்தார். கோபன்ஹேகனிலிருந்து மூன்று நிபுணர்களை வைத்து அறிக்கை வாங்கிய பிறகுதான் பேச்சாம். எய்னருக்கு ஓவிய உலகில் தெரியாத ஆள் இல்லை. அந்த மூவர் யார் என்று கேட்டு எழுதேன்.

உன் அண்ணி,
டாக்னி


கோபன்ஹேகன்
1 மார்ச் 1927

மதிப்பிற்குரிய அண்ணிக்கு அஸ்டாவின் வணக்கம்.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். மூட்டுவலி சொன்னால் சிரிப்பீர்கள், வலது காலை விட்டு இடதுக்குக் குடிபோயிருக்கிறது. உங்களுக்குக் குளிர்காலச் சளி விட்டதா?

வீட்டை ஊருக்குக் கொடுப்பது அண்ணனுக்கு மிகவும் பிடித்திருக்கும். உங்கள் சாப்பாட்டு அறையை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். வேறு எந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு? புதுப் படம் எதையும் ஒரு மாதம் மேசைக்கு எதிரே மாட்டி, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, மாதக் கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் காப்பிக் கோப்பையைக் கையில் எடுப்பீர்கள். யாராவது ஒருவர் கவிழ்த்து வைத்துவிட்டால் படம் வியாபாரிக்கே திரும்பிவிடும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அறுத்துப் போட்ட விலாங்கு மீனைப் பார்த்தபடி நான் வாத்துக்கறி சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு ஓட்டு இருந்திருந்தால் பத்துக் கோப்பையைக் கவிழ்த்திருப்பேன்.

எய்னர் இந்த மாதம் ஏதோ எழுத்து வேலையில் மூழ்கியிருக்கிறார். கேட்க நேரம் வாய்க்கவில்லை. பாதாம் மிட்டாய் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அஸ்டா


ஸ்டென்விக்
29 மார்ச் 1927

அன்புள்ள அஸ்டாவுக்கு,

மிட்டாய் வந்தது, சளி போனது. இரண்டுக்கும் நன்றி. இனி எழுதப்போவது கோபத்தில் எழுதுவது. உட்கார்ந்து படி.

நிபுணர்கள் வந்தார்கள். மூவர் என்றார்கள், இருவர்தான் வந்தார்கள். ஒருவர் மாட்டுப் படங்களைக் கடக்கும்போது மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார், சட்டத்துக்குள்ளிருந்து சாணி வாடை வருகிறது போல. இன்று காலை அறிக்கை வந்தது. அப்படியே தருகிறேன்: '1916க்குப் பின் வாங்கிய நாற்பத்தொரு படங்களில் வால்டெமார் ஹோல்மின் கண் உச்சத்தைத் தொடுகிறது. முந்தைய முப்பத்தெட்டும் திருமதி ஹோல்மின் வரவேற்பறை ரசனை. அவற்றை ஏலத்தில் விற்றுக் கூரையைச் சீர்செய்யலாம். அருங்காட்சியகத்துக்கு ஹோல்ம் அவர்களின் பெயர் மட்டும் பொருந்தும்.'

வரவேற்பறை ரசனையாம்! அந்த முப்பத்தெட்டில் பதினொன்று மாடுகள். மாடுகளை வாங்கியது யார்? உன் அண்ணன். மார்கரின் விற்ற மனிதருக்கு மாட்டின் மேல் அப்படி ஒரு காதல். "நான் அதுங்களுக்குப் போட்டிக்காரன் டாக்னி, மரியாதையாவது குடுக்கணும்ல" என்பார். நான்கு மாடுகளுக்கு நான் கோப்பையைக் கவிழ்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பாவமாக இருக்கும், நிமிர்த்தி வைத்துவிடுவேன்.

1916க்குப் பின்னால் என்ன என்பது உனக்குத் தெரியும். அந்த இலையுதிர் காலத்தில் அவருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்கடுத்த ஒன்பது வருடமும் அது தெரிந்தவர்கள் கண் மருத்துவரும், நானும், நீயும்தான். தொழிற்சாலையில் எத்தனை எட்டு, எந்தப் படியில் திருப்பம் என்று எண்ணி வைத்து நடந்தார். தெருவில் யாருக்கும் வணக்கம் சொல்லாததால் ஊர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றது. "திமிருன்னே இருக்கட்டும், பரிதாபத்துக்கு அது எவ்வளவோ மேல்" என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நம் இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

இப்போது அவருடைய கண்ணைப் புகழ்ந்து, அவருடைய மாடுகளை விற்கச் சொல்கிறார்கள். அவர் தன் கண்ணால் பார்த்து ஆசைப்பட்டவை அவை மட்டும்தான். எனக்கு நெஞ்சு எரிகிறது அஸ்டா. என்ன செய்யலாம் என்று எழுது.

டாக்னி


கோபன்ஹேகன்
20 ஏப்ரல் 1927

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். கோபம் உங்கள் உடம்புக்கு ஆகாது.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணி, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே மார்கரின்காரன் படம் வாங்குகிறான் என்று பத்திரிகைகள் சிரித்தன. குருடன் படம் வாங்கினான் என்று தெரிந்தால் கல்லறையில் இருப்பவரை எழுப்பி வைத்துச் சிரிப்பார்கள். அவர் நம் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியதை நினைத்துப் பாருங்கள்.

மாடுகளை மாடியில் உங்கள் அறைகளில் மாட்டிக்கொள்ளக் கூடாதா? யாரும் தடுக்க மாட்டார்கள். பெயர் விஷயமும் அப்படித்தான். ஹோல்ம் என்றால் உங்கள் பெயரும்தானே. பெரியவர்களோடு மோதி என்ன கிடைக்கப்போகிறது?

பூங்காவில் குரோக்கஸ் பூத்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அஸ்டா


ஸ்டென்விக்
26 ஏப்ரல் 1927

அஸ்டாவுக்கு,

என் ரத்தக் கொதிப்பு எனக்கு நல்ல துணையாக இருக்கிறது. உன் கால் நலமா?

குருடன் படம் வாங்கினான் என்றா எழுதியிருக்கிறாய்? அவர் எப்படி வாங்கினார் என்று உனக்குச் சொல்லியதே இல்லை, கேள். பார்வை போன பிறகும் படம் எதிரே ஒரு மாதம் தொங்கியது. தினமும் சூப்பு ஆறும்வரை நான் அதைச் சொல்ல வேண்டும். நான் மளமளவென்று சொல்லி முடித்துவிட்டால் அவர் கோப்பையைக் கவிழ்த்துவிடுவார். "நீ சொல்லி முடிச்சிட்டியே, அப்புறம் அது சுவர்ல எதுக்கு?" என்பார்.

நாற்காலிப் படம் ஒன்று வந்தபோது முப்பது நாளும் திணறினேன். "சிவப்பு நாற்காலிங்க. ஆனா சிவப்புன்னு சொன்னா தப்பு. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி... இல்ல, அதுவும் இல்ல. ச்சே, எனக்குச் சொல்ல வரல!" ஒரு நாள் அழுகையே வந்துவிட்டது. அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இதுதான். உடனே வாங்கிடு!" நாற்பத்தொரு படமும் அப்படி வந்ததுதான். பார்த்தது நான், முடிவு செய்தது இருவரும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உயிரோடு இருந்தவரை அவர் ரகசியத்தைக் காத்தேன். அவர் மாடுகளை விற்பதற்கு அந்தச் சத்தியத்தைக் கயிறாக்கினால், அவரே அதை அறுத்துப் போடச் சொல்லுவார்.

இன்னொன்று. சந்தையில் மேயரைப் பார்த்தேன். "என்னம்மா என்னைக் கோவிச்சுக்கறீங்க? அறிக்கைய எழுதினது உங்க நாத்தனார் வீட்டுக்காரர்தானே" என்றார். வராத மூன்றாவது நிபுணர் எய்னர். படங்களைப் புகைப்படத்தில் பார்த்து எழுதினாராம். என்னோடு இருபது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர். பிப்ரவரியில் நான் கேட்டபோதே நீ சொல்லியிருக்கலாம்.

டாக்னி


ஸ்டென்விக்
2 ஜூன் 1927

அஸ்டாவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லை என்று நம்புகிறேன்.

எய்னரின் சிறு நூல் தபாலில் வந்தது, அச்சு மை வாசனையோடு. 'வால்டெமார் ஹோல்மின் கனிந்த பார்வை.' பதினேழாம் பக்கத்தில், அந்த நாற்காலிப் படத்தைப் பற்றி, 'இந்தச் சிவப்பின் அடியில் ஒளிந்த பச்சையை முதல் பார்வையிலேயே கண்டுகொண்ட கண்' என்று எழுதியிருக்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

21ஆம் தேதி நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு. நான் பேசப்போகிறேன். முன்கூட்டியே சொல்லாமல் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

டாக்னி


கோபன்ஹேகன்
9 ஜூன் 1927

அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

ஆமாம், எய்னர்தான் எழுதினார். பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். வெறும் கையெழுத்துத்தான் என்றார், நம்பிக்கொண்டேன். அண்ணனுக்குப் பார்வை இல்லை என்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அண்ணனிடம் செய்த சத்தியத்தைக் காத்ததன் பலன் இப்படி வந்து நிற்கிறது.

இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய ஓவியக்கூடத்துக்கு அவர் இயக்குநர் ஆக வேண்டியது. அந்த நூலை வைத்துத்தான் பேச்சே நடக்கிறது. நீங்கள் மன்றத்தில் வாயைத் திறந்தால் அவர் இந்த நகரத்தில் தலைகாட்ட முடியாது. நானும் முடியாது. அண்ணன் மானம் என்று ஏப்ரலில் எழுதினேன். உண்மையில் என் வீட்டு மானத்தைத்தான் சொன்னேன்.

ஆகவே நானும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். யாராவது என்னைக் கேட்டால், எனக்கு எதுவும் தெரியாது என்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஸ்டா


ஸ்டென்விக்
22 ஜூன் 1927

அஸ்டாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நேற்று சொல்லிவிட்டேன்.

மன்றம் நிறைந்திருந்தது. கறுப்புப் பட்டில் போகவில்லை. கண்ணைப் பறிக்கிற அந்த மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். எழுந்து நின்று, "1916லேர்ந்து என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. நீங்க விக்கப் பாக்கற மாடுகதான் அவர் கண்ணால பாத்து வாங்கினது" என்றேன். அப்புறம் பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. முடியட்டும் என்று நின்றேன்.

மேயர் மேசையைத் தட்டினார். "புருஷன் போனப்புறம் பேரையெல்லாம் நீங்களே அள்ளிக்கப் பாக்கறீங்களாக்கும்?"

"பேருதான் வேணும்னா, அந்த நாப்பத்தொண்ணும் என் தேர்வுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே. அப்படிச் சொல்லல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாத்தையும் வாங்கினோம். அவருக்குக் கண்ணு இருந்தப்பவும் அப்படித்தான், இல்லாதப்பவும் அப்படித்தான்."

உறுப்பினராக இருக்கும் பள்ளி ஆசிரியை பாங் எழுந்தார். "எனக்கு அவர் வணக்கமே சொன்னதில்ல. ஒன்பது வருஷமா மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆனால் மேயர் விடவில்லை. "சாட்சி யாரு?" என்றார். மருத்துவர் இறந்துவிட்டார். கோபன்ஹேகனில் வால்டெமாரை அவரிடம் அழைத்துப்போன தங்கை இருக்கிறாள் என்றேன். ஓட்டெடுப்பை மூன்று வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். நீ மறுத்தால் அறிக்கை சொன்னபடி நடக்கும் என்கிறார்கள். மேயரின் கடிதம் உனக்கு வரும்.

நான் உன்னைக் கெஞ்சவில்லை. எனக்குத் தெரியாது என்று எழுதுவதானால் எழுதிக்கொள். எழுபத்தொன்பதும் இருக்கும், இல்லையென்றால் ஒன்றும் கொடுக்க மாட்டேன். கதவை நானே திறந்து வைத்து, டிக்கெட் இல்லாமல் ஞாயிறுதோறும் ஊரை உள்ளே விடுவேன். பலகையை நானே எழுதி மாட்டுவேன். யார் வந்து கழற்றுகிறார்கள் என்று பார்க்கிறேன். அதற்கு ஊரும் வேண்டாம், மேயரும் வேண்டாம். ஆனால் வால்டெமாருக்குத் தங்கை ஒருத்திதான். அவளும் அவரைத் தெரியாது என்றால் அது எனக்கு வலிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

டாக்னி


கோபன்ஹேகன்
8 ஜூலை 1927

அன்புள்ள அண்ணிக்கு,

கால் பரவாயில்லை. நீங்கள் நலம்தானே?

மேயரின் கடிதத்தை எய்னர்தான் பிரித்தார். படித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து என் பெயரில் ஒரு பதிலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'என் சகோதரரின் பார்வை கடைசிவரை நன்றாக இருந்தது.' பேனாவைப் பக்கத்தில் வைத்து, "கையெழுத்து மட்டும் போடு" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது உண்மையா என்று என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன் அண்ணி. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்களிடம் இத்தனை வருடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1916இல் மருத்துவர் இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லி அனுப்பிய அன்று, நான் தெருவிலேயே அழுதேன். அண்ணன் என் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "அழாத அஸ்டா. டாக்னி பேச ஆரம்பிச்சா எனக்கு எல்லாம் தெரியுது. உங்களுக்கெல்லாம் வெறும் கண்ணுதான் இருக்கு" என்றார். எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை. என் வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

எய்னரின் தாளை மடித்து அடுப்பில் போட்டேன். என் கைப்பட மேயருக்கு எழுதினேன். நானே அண்ணனை மருத்துவரிடம் அழைத்துப்போனேன், நானே கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தேன், அவர் மனைவி சொல்வது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று. பத்திரிகைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், அப்புறம் யாரும் அமுக்கிவிடக் கூடாதென்று. இரண்டையும் நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

எய்னர் மூன்று நாளாக வெளியில் சாப்பிடுகிறார். இயக்குநர் பேச்சு முடிந்துவிட்டது. அவருக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதியதை மாற்றி எழுத மாட்டேன். ஓட்டெடுப்பு அன்று நான் அங்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் நேரிலும் கேட்டால் நேரிலும் சொல்வேன்.

மேயர் கடைசி வரியில் கேலியாக ஒன்று கேட்டிருந்தார். இதெல்லாம் உண்மையென்றால் பலகையில் யார் பெயரை முதலில் போடுவதாம். அதற்கும் பதில் எழுதினேன். வால்டெமாரின் உடன்பிறந்தவள் என்ற உரிமையில், உங்கள் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
அஸ்டா